கணினிக் கேள்வி–பதில்: எல்லாவற்றையும் ‘யுட்டில்ஸ்’ கிளாஸில் போடலாமா?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து நிரலாக்கம் குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளையும்) சேர்த்து வைத்திருப்பது ஆப்ஜெக்ட்; அதை உருவாக்குவதற்கான வார்ப்பு கிளாஸ். பல இடங்களில் தேவைப்படும் செயற்கூறுகளை, ஆப்ஜெக்ட் எதுவும் உருவாக்காமலேயே அழைத்துக்கொள்ளும்படி ஒன்றாகத் தொகுத்து வைக்கிறோமே, அந்த யுட்டிலிட்டி கிளாஸ்தான் அந்தப் பொருள். எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐயா, பொருள்நோக்கு நிரலாக்கத்தில் எல்லாமே ஆப்ஜெக்ட்டாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஜாவாவில் உள்ள ‘மேத்’ கிளாஸுக்கு யாருமே ஆப்ஜெக்ட் உருவாக்குவதில்லை. ஜாவாவே தன் விதியை மீறுகிறதா? நாங்களும் அப்படிக் கிளாஸ் எழுதலாமா?
— பொறியியல் மாணவி, லாஸ்பேட்டை

பதில்: விதியை மீறவில்லை; ஆனால் அந்த விதி ஜாவாவில் முழுமையாக இருந்ததும் இல்லை. ஸ்மால்டாக் மொழியில் 3 என்ற எண்ணும் ஓர் ஆப்ஜெக்ட்தான்; அதனிடமே “உனக்கும் 5-க்கும் எது பெரியது?” என்று கேட்கலாம். ஜாவாவை வடிவமைத்தவர்கள் வேகத்தை முன்னிட்டு முழு எண், தசம எண் போன்றவற்றை ஆப்ஜெக்ட் அல்லாத அடிப்படைத் தரவினங்களாகவே வைத்துவிட்டார்கள். ஆப்ஜெக்ட் அல்லாத ஒன்றுக்குச் சொந்தமாக மெத்தட் (கிளாஸுக்குள் எழுதப்படும் செயற்கூறு) இருக்க முடியாது. அதே வேளையில், எந்தச் செயற்கூறும் ஏதாவது ஒரு கிளாஸுக்குள்தான் இருந்தாக வேண்டும் என்பதும் ஜாவாவின் கட்டாயம். இந்த இரண்டுக்கும் இடையில் சைன், வர்க்கமூலம், இரண்டில் பெரியது ஆகியவற்றுக்கு ஓர் இடம் தேவைப்பட்டதால்தான், 1996-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே ‘மேத்’ கிளாஸ் இடம்பெற்றது. பின்னர் வந்த ‘கலெக்‌ஷன்ஸ்’, ‘அரேஸ்’, 2011-இல் ஜாவா 7-உடன் வந்த ‘ஆப்ஜெக்ட்ஸ்’ ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

நீங்கள் எழுதுவதானால், ‘மேத்’ எழுதப்பட்ட முறையையே பின்பற்றுங்கள். மெத்தட்கள் அனைத்தும் ஸ்டாட்டிக்காக, அதாவது ஆப்ஜெக்ட் இல்லாமலேயே அழைக்கக்கூடியவையாக, இருக்க வேண்டும். வேறு கிளாஸ் அதிலிருந்து மரபுரிமை பெறாதபடி, அதாவது அதில் உள்ளவற்றைத் தனதாக்கிக்கொள்ளாதபடி, அதை ஃபைனல் என்று அறிவிக்க வேண்டும். வெளியிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாதபடி, ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் பகுதியான கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட்டாக எழுத வேண்டும். கன்ஸ்ட்ரக்டரை எழுதாமல் விட்டுவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், நாம் எழுதாவிட்டால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே ஒன்றைச் சேர்த்துவிடும். சி ஷார்ப் மொழியில் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து கிளாஸையே ஸ்டாட்டிக் என்று அறிவித்துவிடலாம். அதன்பின் ஆப்ஜெக்ட்டுக்குரிய எதையும் அதில் எழுதக் கம்பைலர் விடாது.

எதையெல்லாம் அதில் வைக்கலாம் என்பதுதான் கடினமான பகுதி. அதை அடுத்த கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம்.

கேள்வி: கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறோம். எங்கள் நிரலில் ‘காமன் யுட்டில்ஸ்’ என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. பில்லின் கூட்டுத்தொகை, ஜிஎஸ்டி கணக்கு, தேதியை வடிவமைப்பது, தொகைக்குக் காற்புள்ளி இடுவது, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது, தரவுத்தள இணைப்பு என்று எல்லாமே அதில் சேர்ந்துவிட்டன. யார் எதை மாற்றினாலும் அந்தக் கோப்பில்தான் மோதல் வருகிறது. இதைப் பிரிப்பதா, அப்படியே விடுவதா? பிரிப்பதானால் எங்கிருந்து தொடங்குவது?
— மென்பொருள் நிறுவனம் நடத்தும் வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: பிரிக்கத்தான் வேண்டும். வேறு இடம் தெரியாத பொருளையெல்லாம் பரணில் ஏற்றிவைப்பதைப் போலவே இந்தக் கிளாஸும் நிரம்புகிறது. ‘காமன்’ என்ற பெயர் எதையும் உள்ளே வராதே என்று தடுப்பதில்லை. ஆயினும் கோப்பு நீளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நான்கு துண்டாக வெட்டினால், ஒரு பரணுக்குப் பதிலாக நான்கு பரண்கள் கிடைக்கும். ஒவ்வொரு செயற்கூறையும் எடுத்து, அது கையாளும் தரவு யாருடையது என்று கேட்டுப் பார்ப்பதே சரியான வழி.

நீங்கள் குறிப்பிட்டவற்றில் காற்புள்ளி இடும் செயற்கூறு ஒன்றுதான் எந்தத் தயக்கமும் இல்லாமல் யுட்டிலிட்டி கிளாஸில் இருக்கத் தக்கது. நம் வழக்கப்படி 12,34,567 என்று எழுத வேண்டிய தொகையை ஜாவாவின் ‘டெசிமல் ஃபார்மேட்’ 1,234,567 என்றே எழுதும். வடிவத்தில் காற்புள்ளிகளுக்கு இடையே இரண்டு விதமான இலக்க எண்ணிக்கைகளைக் கொடுத்தாலும் அது கடைசி எண்ணிக்கையை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எனவே நாமே ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் செயற்கூறு ஓர் எண்ணைப் பெறுகிறது, ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) தருகிறது. வெளியில் எதையும் பார்ப்பதில்லை, எதையும் மாற்றுவதில்லை, எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பில், சம்பளப் பட்டியல், வங்கி அறிக்கை ஆகிய மூன்றுக்கும் அது வேண்டும். மூன்றில் எதற்கும் அது சொந்தமில்லை.

பில்லின் கூட்டுத்தொகைக்கு இது பொருந்தாது. பில்லில் உள்ள வரிசைகள் பில்லுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டுவது பில்லின் வேலை. அதைச் செய்ய யுட்டிலிட்டி கிளாஸ் ஒன்று வெளியிலிருந்து வரும்போது, பில் தன் வரிசைகளையெல்லாம் திறந்து காட்ட வேண்டியதாகிறது. பிறகு, தள்ளுபடி உண்டா இல்லையா என்று பார்த்துக் கூட்டும் நிபந்தனையைப் பில்லை எழுதியவர் ஓரிடத்திலும் அறிக்கையை எழுதியவர் வேறோரிடத்திலும் எழுதுவார்கள். இரண்டு தொகைகளும் என்றாவது ஒருநாள் ஒத்துப்போகாது. இந்தச் செயற்கூறைப் பில் கிளாஸுக்குள் மெத்தடாக நகர்த்திவிடுங்கள்.

ஜிஎஸ்டி கணக்குதான் இவற்றுள் சுவையானது. அதுவும் உங்கள் ஊரில் இருப்பவருக்கு. புதுச்சேரி நேரு வீதியில் உள்ள கடை, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வந்துவிடக்கூடிய கடலூருக்குச் சரக்கு அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை; ஐஜிஎஸ்டி போட வேண்டும். அதே கடை, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தமிழ்நாட்டின் ஊர்களைக் கடந்து போக வேண்டிய காரைக்காலுக்கு அனுப்பினால், அது ஒரே ஒன்றியப் பகுதிக்குள் நடக்கும் விற்பனை. மத்திய வரி ஒரு பாதி, மறுபாதி மாநில வரியான எஸ்ஜிஎஸ்டி. புதுச்சேரி ஒன்றியப் பகுதியாக இருந்தாலும் அதற்குச் சட்டப்பேரவை இருப்பதால், சண்டிகர் போன்ற இடங்களுக்கான ஒன்றியப் பகுதி வரி (யுடிஜிஎஸ்டி) இங்கே வராது. தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34 என்பதை ஒப்பிட்டு ஒரு ஸ்டாட்டிக் செயற்கூறு எழுதத் தொடங்கியிருப்பீர்கள். தொடக்கத்தில் அது இரண்டு அளபுருக்களுடன் (செயற்கூறுக்குக் கொடுக்கும் உள்ளீடுகளுடன்) அழகாகவே இருந்திருக்கும். பின்னர் பொருளின் வகை, விற்பனைத் தேதி, விலக்கு உண்டா என்பது, வாங்குபவர் பதிவு பெற்றவரா என்பது என அளபுருக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். ஐந்தாறு அளபுருக்கள் எப்போதும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன என்றால், அவை சேர்ந்து ஒரு கிளாஸ் ஆக வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை.

வரி விகிதங்களை யுட்டிலிட்டி கிளாஸில் ஸ்டாட்டிக் மாறிலிகளாக எழுதி வைத்தவர்கள், 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் விகிதம் மாறியபோது அதன் விலையைக் கொடுத்திருப்பார்கள். மாறிலியைத் திருத்தினால் புதிய பில் சரியாக வரும். ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சரக்கை ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போது, பழைய பில்லில் இருந்த விகிதப்படிதானே வரவுக் குறிப்பு போட வேண்டும்? விகிதத்துக்கும், அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்பதற்கும் பிரிக்க முடியாத உறவு இருக்கிறது. எனவே வரி விதி என்பது தனக்கென்று தரவு உள்ள ஓர் ஆப்ஜெக்ட். விற்பவர் மாநிலம், சரக்கு சேரும் மாநிலம், தேதி ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு உரிய விதியைத் தேர்ந்து தரும் கிளாஸ் ஒன்றையும், தொகையைக் கொடுத்தால் வரியைப் பிரித்துத் தரும் கிளாஸ் ஒன்றையும் எழுதுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் வடிவத்தைச் சரிபார்க்கும் வேலை தனியானது: பதினைந்து எழுத்துகளும் எண்களுமான அந்தத் தொடரில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண், கடைசி ஒன்று சரிபார்ப்புக் குறி. இது சரத்தை மட்டுமே பார்த்துச் சொல்லக்கூடியது என்பதால் யுட்டிலிட்டி கிளாஸில் இருப்பதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணுக்கென்றே சிறிய கிளாஸ் ஒன்று எழுதி, தவறான எண்ணைக் கொண்டு ஆப்ஜெக்ட்டே உருவாகாதபடி கன்ஸ்ட்ரக்டரில் சரிபார்த்துவிடுவதை நான் மேலானதாகக் கருதுகிறேன். ஒருமுறை சரிபார்த்ததை ஒவ்வோர் இடத்திலும் மறுபடி சரிபார்க்க வேண்டியிராது.

எஸ்எம்எஸ், தரவுத்தள இணைப்பு இரண்டையும் முதல் வேலையாக வெளியேற்றுங்கள். இவை வெளியுலகத்தைத் தொடுகின்றன. ஸ்டாட்டிக் மெத்தடாக இருக்கும்வரை, பில் போடும் பகுதியைச் சோதிக்க விரும்புகிறவர் உண்மையான வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பாமல் சோதிப்பது எளிதன்று. செய்தி அனுப்புவதற்கு ஓர் இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட்கள் வேண்டும் என்று மட்டும் சொல்லும் வரையறை) எழுதி, அதை நிறைவேற்றும் ஆப்ஜெக்ட்டைப் பில் பகுதிக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள். சோதனையின்போது எதையும் அனுப்பாத போலி ஆப்ஜெக்ட் ஒன்றைக் கொடுத்துவிடலாம்.

தேதி வடிவமைப்பில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கக்கூடும். பழைய ஜாவா நிரல்களில் ‘சிம்பிள் டேட் ஃபார்மேட்’ ஆப்ஜெக்ட் ஒன்றை ஸ்டாட்டிக் மாறியாக வைத்து எல்லோரும் பயன்படுத்துவது வழக்கம். அந்த ஆப்ஜெக்ட் வேலை செய்யும்போது தனக்குள் இருக்கும் நிலையை மாற்றிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள் (இணையாக ஓடும் நிரல் ஓட்டங்கள்) அதை அழைத்தால், ஒருவர் பில்லின் தேதி மற்றவர் பில்லில் போய் உட்கார்ந்துவிடும். ஒரே கவுன்ட்டர் உள்ள கடையில் ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருக்கும் இந்தப் பிழை, பல கடைகளுக்குப் பொதுவான சர்வரில் ஏற்றிய பிறகுதான் தலைகாட்டும். அப்போதும், மறுபடி வரவழைக்க முயன்றால் வராது. 2014-இல் ஜாவா 8-உடன் வந்த ‘டேட்டைம் ஃபார்மேட்டர்’ நிலை மாறாதது. அதை ஸ்டாட்டிக்காக வைத்துக்கொள்ளலாம். பொதுவாக, மாறக்கூடிய ஸ்டாட்டிக் மாறி ஒன்று உள்ளே நுழைந்த கணமே அது யுட்டிலிட்டி கிளாஸ் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. பெயர் மட்டும்தான் மாறியிருக்காது.

எப்படித் தொடங்குவது என்றால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்துப் போட முயலாதீர்கள். ஒரு செயற்கூறை அதற்குரிய இடத்தில் புதிதாக எழுதி, பழைய ஸ்டாட்டிக் மெத்தட் அந்தப் புதியதை அழைக்கும்படி மட்டும் விட்டுவிட்டு, வழக்கொழிந்தது என்ற குறியை அதன்மேல் இடுங்கள். அழைக்கும் இடங்களை அவரவர் அந்தப் பகுதியில் வேலை செய்யும்போது மாற்றிக்கொள்ளட்டும். கடைசி அழைப்பும் நீங்கிய பின் பழையதை நீக்கலாம். பிரித்த பின் மிஞ்சுகிற சிறு கிளாஸ்களுக்குத் தொகை வடிவம், தேதி வடிவம் என்று அவை செய்யும் வேலையைப் பெயராக வையுங்கள். தேதி வடிவம் என்ற பெயருள்ள கிளாஸில் எஸ்எம்எஸ் அனுப்பும் செயற்கூறைச் சேர்க்க யாருக்கும் கை வராது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் கிளாஸின் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. யுட்டிலிட்டி கிளாஸிலிருந்து மரபுரிமை பெற்றுவிட்டால் செயற்கூறின் பெயரை மட்டும் எழுதி அழைக்கலாம் அல்லவா?
— வாசகர், வில்லியனூர்

பதில்: அந்தக் கிளாஸை முதல் பதிலில் சொன்னபடி ஃபைனலாக எழுதாமல் விட்டிருந்தால் அழைக்கலாம், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். ஜாவாவில் ஒரு கிளாஸ் ஒரே ஒரு கிளாஸிலிருந்துதான் மரபுரிமை பெற முடியும். அந்த ஒரே வாய்ப்பைத் தட்டச்சு வேலையை மிச்சப்படுத்துவதற்காகச் செலவழிக்கக் கூடாது. பில் என்பது ஒரு வகையான ‘யுட்டில்ஸ்’ என்று நிரல் சொல்லத் தொடங்கினால், படிப்பவருக்கும் குழப்பமே மிஞ்சும். 2004-இல் வந்த ஜாவா 5 முதல், கிளாஸின் பெயர் இல்லாமலேயே அழைக்க உதவும் ஸ்டாட்டிக் இம்போர்ட் என்ற வசதி இருக்கிறது; சி ஷார்ப்பிலும் ஆறாம் பதிப்பிலிருந்து அதற்கு நிகரானது உண்டு. அதையும் அளவாகப் பயன்படுத்துவது நல்லது. ‘மேக்ஸ்’ என்றால் எல்லோருக்கும் புரியும், ‘கன்வெர்ட்’ என்று தனியாக நின்றால் எதை எதுவாக மாற்றுகிறது என்று தேடிப் போக வேண்டும்.

கேள்வி: ஸ்டாட்டிக் மெத்தட்களைச் சோதனையில் போலியால் மாற்றீடு செய்ய முடியாது, எனவே அவற்றை எழுதவே கூடாது என்று எங்கள் குழுத் தலைவர் சொல்கிறார். இது சரியா?
— மென்பொருள் சோதனையாளர், கடலூர் முதுநகர்

பதில்: பாதி சரி. இரண்டு எண்களில் பெரியதைச் சொல்லும் செயற்கூறுக்குப் போலி எதற்கு? உள்ளீட்டைக் கொடுத்து வெளியீட்டைப் பார்த்தால் சோதனை முடிந்தது. சொல்லப்போனால் சோதிப்பதற்கு மிக எளிதானவையே இத்தகைய செயற்கூறுகள். மாற்றீடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஸ்டாட்டிக் மெத்தடைப் பார்த்து உங்களுக்கு எழுகிறதென்றால், அது வெளியில் எதையோ தொடுகிறது என்று பொருள். அப்போது உங்கள் குழுத் தலைவர் சொல்வது சரியே. சோதனைக்கான போலிகளை உருவாக்கித் தரும் மாக்கிட்டோ லைப்ரரியில் (லைப்ரரி என்பது ஆயத்த நிரல் தொகுப்பு) 2020-இல் வந்த 3.4 பதிப்பு முதல் ஸ்டாட்டிக் மெத்தட்களையும் மாற்றீடு செய்ய முடியும். பழைய நிரலைச் சமாளிக்க அது உதவும். புதிய நிரலை அதை நம்பி எழுத வேண்டியதில்லை.

வெளியுலகத்தைத் தொடுவது பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. இன்றைய தேதியைக் கேட்பது அப்படிப்பட்டது. ‘இன்று’ என்ன தேதி என்பதைச் செயற்கூறு தானாகவே கணினியிடம் கேட்டுக்கொண்டால், அதன் விடை அளபுருக்களை மட்டும் சார்ந்ததாக இல்லை. உங்கள் ஊர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் அல்லவா? அதிகாலை நான்கு மணிக்குப் போடும் சீட்டுக்குத் தேதி தரும் நிரல், உலகப் பொது நேரத்தில் அமைக்கப்பட்ட சர்வரில் ஓடினால், அங்கே அப்போது முந்தைய நாள் இரவு பத்தரை மணி. சீட்டில் நேற்றைய தேதி விழும். காலை ஐந்தரைக்குப் பிறகு போடும் சீட்டுகள் சரியாக இருக்கும் என்பதால், அலுவலகத்தில் பகலில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு இந்தப் பிழை ஒருபோதும் தென்படாது. ஜாவா 8-இல் இதற்காகவே ‘கிளாக்’ என்ற கிளாஸ் இருக்கிறது. நேர மண்டலத்துடன் கூடிய அந்த ஆப்ஜெக்ட்டை அளபுருவாகக் கொடுத்துவிட்டால், அதிகாலை நான்கு மணியில் நின்றுபோன கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, நண்பகலிலும் சோதித்துப் பார்க்கலாம்.

கேள்வி: நான் பைத்தானிலும் காட்லினிலும் எழுதுகிறேன். எனக்கு யுட்டிலிட்டி கிளாஸ் தேவையா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: தேவையில்லை. பைத்தானில் கோப்பே ஒரு மாட்யூல். செயற்கூறுகளை நேரடியாக அதில் எழுதலாம். காட்லினிலும் கிளாஸுக்கு வெளியே செயற்கூறு எழுத முடியும். ஜாவாவிலிருந்து வந்தவர்கள் பழக்கத்தால் இங்கேயும் ஸ்டாட்டிக் மெத்தட்கள் நிறைந்த கிளாஸை எழுதுவதைப் பார்க்கிறோம். அது வெறும் சுமை. ஆனால் மேலே மஞ்சக்குப்பம் வாசகருக்குச் சொன்னவை மாட்யூலுக்கும் அப்படியே பொருந்தும். ‘யுட்டில்ஸ்’ என்ற பைத்தான் கோப்பும் அதே வேகத்தில்தான் நிரம்புகிறது.

காட்லினின் எக்ஸ்டென்ஷன் செயற்கூறுகளைப் பற்றி மட்டும் ஒரு சொல். வேறொருவர் எழுதிய கிளாஸுக்கு நாமே மெத்தட் சேர்த்ததைப் போன்ற தோற்றத்தை அவை தருகின்றன. உண்மையில் அவை அந்தக் கிளாஸுக்குள் போவதில்லை, அதே பெயரிலும் அதே அளபுருக்களுடனும் கிளாஸுக்குள் மெத்தட் இருந்தால் அதுவே அழைக்கப்படும். சரத்தின்மீது கைப்பேசி எண்ணா என்று பார்க்கும் எக்ஸ்டென்ஷனை எழுதினால், ஊர்ப் பெயர், பொருளின் பெயர் என எல்லாச் சரங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக நிற்கும். கைப்பேசி எண்ணுக்கு ஒரு கிளாஸ் எழுதுவது அதைவிட நேர்மையான வழி.

கேள்வி: இப்படிப்பட்ட செயற்கூறுகளை நாமே எழுதுவதா, ஏற்கெனவே உள்ள லைப்ரரிகளைப் பயன்படுத்துவதா?
— வாசகர், பாகூர்

பதில்: முதலில் மொழியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சரத்தில் வெற்றிடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லையா என்று பார்ப்பதற்காக அப்பாச்சியின் ‘காமன்ஸ் லேங்’ லைப்ரரியைச் சேர்த்துக்கொள்வது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 2018-இல் ஜாவா 11 வந்தபோது அதற்கான மெத்தட் ‘ஸ்டிரிங்’ கிளாஸிலேயே வந்துவிட்டது. மொழியில் இல்லாவிட்டால், பலர் பயன்படுத்தித் தேர்ந்த லைப்ரரி; அதிலும் இல்லாவிட்டால்தான் நாம்.

நாமே கவனம் செலுத்த வேண்டிய இடமும் ஒன்று உண்டு: தமிழ் எழுத்துகள். ‘புதுச்சேரி’ என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்துகள் தெரிகின்றன; ஜாவாவிடம் நீளம் கேட்டால் பத்து என்று சொல்லும். ‘கடலூர்’ நமக்கு நான்கு, அதற்கு ஆறு. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். பில் தாளில் பொருளின் பெயரை இருபது எழுத்துக்குள் வெட்டும் நிரல், இது தெரியாமல் நடுவில் வெட்டிவிட்டால், ‘பூ’ என்பதன் குறி போய் ‘ப’ என்று அச்சாகும். ஜாவாவின் ‘பிரேக் இட்டரேட்டர்’ இதற்கு உதவும்; அது எழுத்துக் கூட்டத்தின் எல்லைகளைக் காட்டும். அதைக் கொண்டு எழுத்துகளை எண்ணவும், எல்லையில் வெட்டவும் இரண்டு செயற்கூறுகள் எழுதி, ‘தமிழ் எழுத்து’ என்ற பெயரில் சிறிய ஃபைனல் கிளாஸ் ஒன்றில் வையுங்கள். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகளை ஒன்றாக எண்ணுவதா, பிரித்து எண்ணுவதா என்பதை நீங்கள் முடிவுசெய்து, அதைச் சோதனை நிரலிலும் எழுதிவிடுங்கள். லைப்ரரியின் பதிப்பு மாறும்போது விடை மாறினால் உடனே தெரிந்துவிடும்.